பித்தன் ரெக்கார்ட்ஸ் வழங்கும் ஆரூரன்

'இன்டி ஃபோக்-ராக் சோலோ ப்ராஜெக்ட்' என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். காதலில் தோற்ற ஒருவர் காட்டுக் குடில் ஒன்றில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பாட்டு அவரே எழுதுவார், கிடார் அவரே, டிரம்ஸ் அவரே, அழுகையும் அவரே. அமெரிக்காவில் ஜஸ்டின் வெர்னன் என்பவர் அப்பாவின் விஸ்கான்சின் குடிலில் ஒரு பனிக்காலத்தை இப்படிக் கழித்துவிட்டு, 'பான் ஈவேர்' என்ற பெயரில் வெளியே வந்தார். உலகம் உருகியது. நம் பக்கத்துப் பையன் ஒருவன் சுமார் 1,200 வருஷம் முன்னாலேயே தனி ஆளாகப் பாடக் கிளம்பிவிட்டான். என்ன, அவன் காதலில் தோற்கவில்லை. இரண்டு தடவை ஜெயித்தான். சிக்கலே அங்கேதான்.

கள்ளக்குறிச்சி, கருணாபுரம் என்றால் 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது சிரிக்கிற விஷயமில்லை, தொடாமல் நகர்கிறேன். அங்கிருந்து கிழக்கே போய் உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் திருநாவலூர். இதுதான் அந்தப் பையன், தேவாரம் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரின் சொந்த ஊர். வீட்டில் வைத்த பெயர் நம்பி ஆரூரன். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ஹீரோ பிறந்த ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவர் கேஸ் தோற்ற திருவெண்ணெய்நல்லூரை மட்டும் விழுப்புரத்துக்கே விட்டுவிட்டோம்.

கேஸா? ஆமாம். சொல்கிறேன். சாட்சி, பெரியபுராணம் பாடிய சேக்கிழார். சோழர் காலத்து அமைச்சர், 12ஆம் நூற்றாண்டு. சுந்தரருக்கு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். அதனால் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரியே எழுதுவார்.

குழந்தை ஆரூரன் தெருவில் சின்னத் தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அந்த வழியாக வந்தார் திருமுனைப்பாடி அரசர் நரசிங்கமுனையரையர். பையன் அழகாக இருக்கிறானே, எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அப்பா சடையனாரும் கொடுத்துவிட்டார். இன்று யாராவது அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும், அவர் போட்டோ சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும்.

ராஜ வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தார். புத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கி, மணப்பந்தலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கையில் தடியோடு ஒரு கிழவர் உள்ளே வந்தார். "எனக்கும் இவனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை முடித்துவிட்டு அப்புறம் தாலி கட்டட்டும்." என்ன வழக்கு? மாப்பிள்ளையின் தாத்தா, "நானும் என் வம்சமும் உனக்கு அடிமை" என்று ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நம்மாளுக்கு வந்ததே கோபம். நீர் என்ன பித்தரா என்று கேட்டார். கிழவர் அசரவில்லை. துரத்திப் பிடித்து, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார் மாப்பிள்ளை. எவிடன்ஸ் காலி!

அங்கேதான் கிழவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிகிறது. கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு ஒரிஜினலைக் கொண்டுவர அவர் என்ன பித்தரா?

வெண்ணெய்நல்லூர் சபையார் அசட்டையாக விசாரிக்கவில்லை. தாத்தாவின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அச்சு அசல். தீர்ப்பு: நம்பி, தோற்றாய், ஏவல் செய்யக் கிளம்பு. சரி, உமக்கு வீடு எங்கே என்று கேட்டதற்குக் கிழவர் நேராகக் கோயிலுக்குள் நடந்து காணாமல் போனார். அப்புறம் ரிஷபத்தின் மேல் சிவனாகக் காட்சி. "என்னைப் பித்தன் என்று திட்டினாய் அல்லவா? அதிலிருந்தே ஆரம்பித்துப் பாடு." முதல் பாட்டின் முதல் சொல்லே தயாரிப்பாளரைத் திட்டிய வசவு. இதைவிட இன்டியாக ஒருவர் இருக்க முடியுமா?

(அந்தப் புத்தூர்ப் பெண்? தாலி ஏறவில்லை. மாப்பிள்ளையையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் சுருக்கமாக முடித்துவிடுகிறார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.)

பாட்டுக்காரனும் ஒப்பந்தமும் என்றால் எனக்கு உடனே பிரின்ஸ்தான் நினைவுக்கு வருவார். 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் 27 வாத்தியங்களைத் தானே வாசித்ததாகப் பெயர் போட்டுக்கொண்ட மகானுபாவர். 1990களில் வார்னர் கம்பெனியோடு தகராறு வந்ததும் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். விடுதலை கேட்டு. நம்மாள் அதே சொல்லைப் பாட்டில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் கேட்டது என்ன தெரியுமா? பொன், நெல், அதைச் சுமக்கக் கூலியாட்கள்.

வாத்தியம் ஏதும் இவர் கையில் இல்லை. சம்பந்தருக்குக் கூடவே யாழ் வாசிக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் இருந்தார். இவருக்கு அப்படி ஓர் ஆஸ்தான ஆள் கிடையாது. அதற்குப் பதில் பண். கையில் கிடைத்திருக்கும் 100 பதிகங்களுக்குள் 17 பண்கள். பாடியது 38,000 பதிகம் என்பது மரபுக் கணக்கு. மிச்சத்தைச் சிதம்பரத்தில் கரையான் கேட்டு முடித்துவிட்டது.

திருவாரூரில் பரவையாரோடு குடும்பம். ஒருமுறை திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், சிவன் 12,000 பொன் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பேசாமல் வரலாமில்லையா? திருவாரூர்க்காரர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், பொன்னை அங்கே வரவழைத்துக் கொடும் என்றார். சரி, இங்கே மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. ஆன்லைன் டிரான்ஸ்ஃபர்! போடுவதற்கு முன் நம்மாள் ஒரு காரியம் செய்தார். பொன்னில் ஒரு துண்டு வெட்டி மடியில் வைத்துக்கொண்டார். சாம்பிள். கடவுள்தான், இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

திருவாரூரில் குளத்தில் இறங்கித் துழாவினால் ஒன்றும் இல்லை. கரையில் பரவையார் சிரிக்கிறார்: ஆற்றில் போட்டதைக் குளத்திலா தேடுவது? மானம் போகிறது. உடனே ஒரு பதிகம், பரவை முன்னால் என்னைத் தவிக்க விடாதே என்று. பொன் வந்தது. ஆனால் சாம்பிளோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது! நீங்களும் நானுமாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப்போயிருப்போம். அவர் மறுபடி பாடினார். மாற்று ஏறும் வரை பாடினார். அந்தப் பொன்னை உரைத்துப் பார்த்த மாற்றுரைத்த பிள்ளையார் இன்னும் திருவாரூரில் இருக்கிறார்.

அடுத்தது திருவொற்றியூரில் சங்கிலியார். உன்னைப் பிரியமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் பொய் சொல்லப் பயம். அதனால் சிவனிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு: சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கொஞ்சம் மகிழமரத்தடிக்குப் போய் இரும். சரி என்றார் சிவன். அன்று ராத்திரியே சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிட்டு வந்தார். இப்படி ஒரு மேனேஜர் இருந்தால் யாருக்குமே எதிரி தேவையில்லை.

வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகமும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. மன்னிப்புப் பாட்டோடு, நியாயம் கேட்கும் பாட்டும் வழியெல்லாம். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. அரைச் சம்பளத்தோடு ஊருக்குத் திரும்பிய ஆள் மாதிரி திருவாரூரில் வந்து நின்று பாடினார் பாருங்கள், செந்துருத்திப் பண்ணில். உம்மைத் தவிர வேறொருவரை நினைக்காத ஆட்களின் கதியே இது என்றால், நீர் நன்றாய் இரும் என்கிற தொனி. நம் வீட்டுப் பாட்டிகள் மருமகளிடம் சொல்கிற அதே 'நன்றாய் இரு'. தேவாரம் மொத்தத்திலும் செந்துருத்தியில் இருப்பது இந்த ஒரே பதிகம்தான். இன்னொரு கண்ணும் உடனே வந்துவிட்டது.

பரவையார் மட்டும் கதவைத் திறக்கவில்லை. சங்கிலி சமாசாரம் எட்டியிருந்தது. நடுராத்திரியில் சிவனையே தூது அனுப்பினார் நம்மாள். ஒரு தடவை போய்த் திட்டு வாங்கி வந்தார் கடவுள். இரண்டாம் தடவைதான் சமாதானம். இதைக் கேள்விப்பட்ட ஏயர்கோன் கலிக்காமர், பெண் விஷயத்துக்குக் கடவுளை நடக்கவிட்டானா என்று கொதித்தார். பிறகு நோயில் விழுந்த அவருக்குச் சுந்தரரே வைத்தியம் பார்க்க வருகிறார் என்றதும், அவன் கையால் நோய் தீருவதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். தமிழிசை வரலாற்றில் இவ்வளவு கறாரான விமர்சகர் அப்புறம் வரவில்லை.

ராக் உலகத்தில் ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், கர்ட் கோபேன் எல்லோரும் 27 வயதில் போனார்கள். சுந்தரருக்கு மரபு சொல்லும் வயது 18. சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்தில் இருந்தவரை ஏற்றிப்போகக் கயிலையிலிருந்தே வெள்ளை யானை வந்தது. அழைப்பு அவருக்கு மட்டும்தான். நண்பர் சேரமான் பெருமாளுக்குப் பொறுக்குமா? குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார், அதுவும் வானத்தில் கிளம்பிவிட்டது. கயிலை வாசலில் ராஜாவை நிறுத்திவிட்டார்கள். லிஸ்ட்டில் பெயர் இல்லை. சுந்தரர் உள்ளே போய்ச் சிபாரிசு செய்து கூட்டிவந்தார். அழைக்காமல் ஏன் வந்தாய் என்று சிவன் கேட்டார். சேரமான் ஏதோ பணிவாகச் சொல்லிவிட்டு, "அப்படியே உங்கள் மேல் ஓர் உலா எழுதியிருக்கிறேன், கேட்க வேண்டும்" என்றார். சரி, சொல் என்றார் சிவன். தமிழின் முதல் உலா நூலான திருக்கயிலாய ஞான உலா இப்படித்தான் அரங்கேறியது, பாஸ் இல்லாமல் கூட வந்த ஆள் கையால்.