இரட்டைக்கிளவிக்காரர்

கார் வைத்திருப்போரை, எஞ்சின் நின்றுபோகும் நாள்வரை எந்தச் சத்தத்தையும் கேளாதவர் என்றும், வண்டி வீட்டுக்கு வந்த நாள்முதல் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேளாதவர் என்றும் இரு வகையாகப் பகுக்கலாம். முதல் வகையினரால் பட்டறைகள் பிழைக்கின்றன. இரண்டாம் வகையினரால் பட்டறைக்காரர்கள் பொறுமை பயில்கின்றனர். பணி ஓய்வை ஒட்டிப் பழைய கார் ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை கோவிலுக்கு ஓட்டிச் செல்லும் சிறுநகரத்துப் பெரியவர்களிடையே மிகுதியாகக் காணப்படும் இவ்விரண்டாம் வகையினருக்கு ‘இரட்டைக்கிளவிக்காரர்’ என்னும் பெயர் பொருந்தும்.

இரட்டைக்கிளவி என்பது ஒலி முதலிய குறிப்புகளை உணர்த்த இரட்டித்தே வரும் சொல்லாகும். ‘சலசல’ என்பதைப் பிரித்து ஒரு ‘சல’வை மட்டும் நிறுத்தினால் அது பொருள் தராது என்பது இலக்கணம். பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்த இப்பகுதி, இவருக்குக் கார் வாங்கிய பின்னரே முழுப்பயன் அளிக்கிறது. ஆல்டர்னேட்டர் எது, வாட்டர் பம்ப் எது என்று இவர் அறியார். ஆயினும் ‘கடகட’ முடிந்து ‘லொடலொட’ தொடங்கும் எல்லையை, நிலத்தகராறில் சர்வேயர் கல் நடுவதுபோல் துல்லியமாகக் காட்டுவார்.

இவரது ஆய்வுமுறை கடுமையானது. ரேடியோவை நிறுத்தி, ஏசியை அணைத்து, நீண்ட மதில் ஒன்றை ஒட்டி மெதுவாக வண்டியைச் செலுத்தி, மதில் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை தெளிவாகக் கேட்கும் என்பதால் இம்முறையைக் குறைகூற இயலாது. உடன்வரும் மைத்துனர், “எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா” என்று சொன்னால், “கேக்காது மாப்ளே, பழகணும்” என்று, சங்கீத சபையில் புதிதாக வந்தவரிடம் பேசும் கனிவோடு விடையளிப்பார்.

இவரை எள்ளுவோர் ஓர் உண்மையை மறக்கின்றனர்: எஞ்சினும் ஏறத்தாழ இரட்டைக்கிளவியிலேயே பேசுகிறது. குளிர்ந்த காலையில் எழும் ‘கீச்கீச்’ பெரும்பாலும் தளர்ந்தோ தேய்ந்தோ போன பெல்ட்டினுடையது. ஓடும் பெல்ட்டின்மீது சிறிது நீர் தெளித்து ஓசை மாறினால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் வரும் ‘கிணுகிணு’, சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி ஸ்பார்க் பிளக் ஏற்றிய சுடர் வந்து சேருமுன் தானே பற்றி வெடிப்பதால் உண்டாகும் ‘நாக்கிங்’ ஆகும். அடிவயிற்றிலிருந்து வரும் ‘தொம்தொம்’ கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததைக் காட்டக்கூடும் என்பதால், அதைக் கேட்டவர் வண்டியை உடனே நிறுத்துவதே நலம். மேலிருந்து வரும் ‘டக்டக்’ பெரும்பாலும் டேப்பெட்டுடையது. வால்வுகளைத் திறக்கும் இவ்வுறுப்பை இயக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு டேப்பெட் நொடிக்கு 25 முறை தட்டுகிறது. இரட்டைக்கிளவிக்காரர் அந்த இருபத்தைந்தையும் தனித்தனியே கேட்டதாகச் சொல்வார்.

அவலம் பட்டறையில்தான் தொடங்குகிறது. வீட்டு வாசலில் ஊரையே எழுப்பிய ‘டக்டக்’, மெக்கானிக் பானட்டைத் திறந்ததும், ஆசிரியரைக் கண்ட வகுப்பறைபோல் அடங்கிவிடும். எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ‘ஹைட்ராலிக் டேப்பெட்’ உள்ள எஞ்சினில், இரவெல்லாம் வடிந்த எண்ணெய் காலையில் மீண்டும் ஏறும்வரை ஓசை எழுவதும், பட்டறை வந்து சேர்வதற்குள் அடங்குவதும் இயற்கையே. எனினும், இதைத் தமக்கும் தம் காருக்கும் இடையே நேர்ந்த நம்பிக்கைத் துரோகமாகவே அவர் கொள்வார். வேறு வழியின்றி, பட்டறைப் பையன்கள் சூழ்ந்து நிற்க, நாவை மேலண்ணத்தில் அடித்துத் தாமே எஞ்சினாகிக் காட்டுவார், “இது ஐட்லிங்கில. ரேஸ் பண்ணா இப்படி” என்று வேகத்தையும் கூட்டுவார்.

மெக்கானிக் மறுமொழி கூறாமல் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மீதும் பிடியைக் காதருகிலும் வைத்துக் கேட்பார். 1816-இல் பாரிசில் லெனெக் என்னும் மருத்துவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த ஸ்டெதாஸ்கோப்புக்கு இத்திருப்புளி ஏழைப் பங்காளி. கேட்டு முடித்து, “ராத்திரி வண்டி இங்கயே இருக்கட்டும் சார்” என்பார். அவ்விரவை, எஞ்சினை இறக்க வேண்டியிருக்குமோ, நகையை அடகு வைக்க நேருமோ என்னும் கணக்குகளில் கழித்துவிட்டு, விடியுமுன் பட்டறை வாசலில் நிற்பார் நம் பெரியவர்.

மெக்கானிக் காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துக் காட்டுவார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் எண்ணெய் ஒட்டியிருக்கும். ஆறு மாதம் காதைத் தீட்டியவர் அக்குச்சியை ஒருமுறையேனும் தொட்டதில்லை என்பதை, அதன் பிடியில் படிந்த தூசியே சொல்லும். ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றிக் கிளப்பியதும் ‘டக்டக்’ சில நொடிகளில் ஓய்ந்துவிட, கசிவு உண்டா என்று பார்க்க அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிடுவார்.

அமைதியான காரில் வீடு திரும்பும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இராது. ‘சல’வைப் பிரிந்த ‘சல’போல் பொருளின்றிச் சிறிது தொலைவு செல்வார், பிறகு மதிலோரம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மெல்லக் கண்ணாடியை இறக்குவார்.