மாமனார் அடித்த சிக்ஸர்

கேள்வி: சமீபத்தில் பார்த்த படங்களில் நடிகர் தேர்வுக்கு முழு மார்க் எதற்கு?
- வாசகி, மன்னார்குடி

பதில்: 'லப்பர் பந்து'. 2024இல் வந்த படம்தான். ஓடிடிக்கு ஏது காலாவதி! ஹரீஷ் கல்யாண்தான் ஹீரோ. ஆனால் விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, மாமனார் 'கெத்து' தினேஷ் பேட்டும் கையுமாக வந்து நின்றதும் படமே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அவர் மனைவி யசோதையாக ஸ்வாசிகா. முப்பது சொச்ச வயதிலேயே, கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மாவாக நடிக்கத் துணிந்திருக்கிறார். நம் பெரிய ஹீரோக்களோ ஐம்பதைத் தாண்டியும் காலேஜில் அட்மிஷன் கேட்கிறார்கள்! இதர பாத்திரங்களில் காளி வெங்கட் கச்சிதம். தினேஷின் எதிரணிக்கு பவுலரே தேவையில்லை. ஸ்வாசிகா முறைக்கிற முறைப்பில் மூணு ஸ்டம்பும் தானே பெயர்ந்துவிடும்.