விரிஞ்சா ரிஜக்ட்

முப்பத்தோரு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. சட்டைப் பையில் வெர்னியரும் வாயில் 'ரிஜக்ட்' என்ற ஒற்றைச் சொல்லுமாக ஷாப் ஃப்ளோரில் நான் நடந்து வந்தால், ஆபரேட்டர்கள் ஏழரைச் சனியை நேரில் பார்த்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். 2018-இல் ஓய்வு. சால்வை, சுவர்க்கடிகாரம், எனக்கே அடையாளம் தெரியாத ஒரு நல்லவனைப் பற்றி நாலு பேர் பேசிய பேச்சு. அடுத்த வாரம் மகன் ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். பாசம் என்றுதான் நினைத்தேன். "அப்பா வீட்ல சும்மா உட்கார்ந்தா நீ சுடுற தோசைக்கு விட்டம் அளப்பார்மா" என்று அவன் அம்மாவிடம் சொன்னது பிறகுதான் தெரிந்தது.

அளந்தேன் என்பது உண்மைதான். ஒரே ஒரு தடவை. எட்டு மில்லிமீட்டர் கோணல்.

பூவையும் இலையையும் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். பூ எதிர்த்துப் பேசாது, யூனியனில் புகார் கொடுக்காது. ஊரும் தோதான ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். வெயிலும் அளவு, குளிரும் அளவு. தளி, பாகலூர், அமுதகொண்டப்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள். அரசாங்கக் காகிதத்தில் பசுமைக்குடில். ஊர் வாயில் பாலிஹவுஸ். உள்ளே ரோஜா. ரோஜா ஊரில் ரோஜாப் படம் எடுக்க ஒருவன் என்ன பாடுபட வேண்டியிருக்கும்? கிருஷ்ணகிரியில் மாம்பழம் தேடுவதுபோல எளிது என்றுதான் நினைத்தேன்.

தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் உள்ளே விட்டார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிறவர். மூன்று மொழியிலும் பூவைப் பற்றி ஒரே கருத்து கொண்டவர். உள்ளே வெளிச்சம் பிரமாதம். பாலிதீன் கூரை வெயிலை வடிகட்டிப் பால் மாதிரி இறக்கியது. ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அது. ஆனால் பூ? வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான மொட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் வலைத் தொப்பி. முதல் ஷிஃப்ட் ஆட்கள் ஹெல்மெட்டோடு கேட்டில் நிற்பதுபோல அத்தனையும் விறைப்பாக நின்றன. மொட்டு விரியாமலே பருக்க வேண்டும், அதற்குத்தான் தொப்பியாம். ஒன்றைக் கழற்றப் போனேன்.

"சார், கை வைக்காதீங்க."

"விரிஞ்ச பூ ஒண்ணு காட்டுங்கண்ணா. ஒரே ஒரு படம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விரிஞ்சா ரிஜக்ட் சார்."

முப்பத்தோரு வருஷம் நான் சொன்ன சொல்லை எனக்கே ஒருவர் திருப்பிச் சொன்ன முதல் தருணம் அது.

விஷயம் இதுதான். மொட்டாக வெட்டினால்தான் பெட்டியில் ஏறி, குளிர் அறையில் தூங்கி, பெங்களூரு விமான நிலையம் போய், வெளிநாட்டில் யாரோ ஒருத்தியின் கையில் விரியும். ஓசூரிலேயே விரிந்துவிட்டால் அது நஷ்டக் கணக்கு. பிள்ளையை வளர்த்து, படிக்க வைத்து, அவன் ஆளாகும் சமயத்தில் விமானம் ஏற்றிவிடும் வீடுகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. அதனால் எனக்குச் சட்டென்று புரிந்தது.

தமிழில் பெரும்பொழுது ஆறு என்று பள்ளியில் படித்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எங்கள் பக்கத்துப் பூக்களுக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை. ரோஜாவுக்கு வருஷம் தொடங்குவது பிப்ரவரி 14-இல்; அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் முன்னால் கவாத்து. அதாவது மார்கழியில் பெண்கள் கோலத்தில் பூசணிப்பூ வைக்கும்போது இங்கே கத்தரிக்கோல் விழுகிறது. ஜனவரிக் கடைசியில் அறுவடை. தாஜ்மகால் என்று ஒரு சிவப்பு ரகம், காதலர்களுக்கென்றே பெயர் வைத்ததுபோல. பேக்கிங் கொட்டகையில் அளவுக் கோடு போட்ட மேசை. காம்பை அதில் வைத்து நீளவாரியாகப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுகிறார்கள். எனக்குத் தாய்வீடு வந்த மாதிரி இருந்தது. ஒரு கட்டில் ஒரு காம்பு கட்டையாக இருந்ததைச் சுட்டிக் காட்டினேன். கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை ஷாப் ஃப்ளோரில் பார்த்துப் பழகிய பார்வைதான்.

சாமந்தியின் கதை இன்னும் மோசம். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அது அதன் பிறவிக் குணம். விலை கிடைக்கிற நாளில் பூக்க வேண்டும் என்பது சந்தையின் குணம். இரண்டுக்கும் ஒத்துவராதபோது எங்கள் பக்கம் சிலர் வயலில் கம்பி இழுத்து பல்பு தொங்கவிட்டுவிடுகிறார்கள். இரவில் வெளிச்சம் விழுந்தால், செடி இன்னும் பொழுது சாயவில்லை என்று நம்பிப் பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் அதற்கு ராத்திரி. ஒரு நாள் இராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து திரும்பும்போது இருட்டில் ஒரு வயல் முழுக்க பல்பு எரிவதைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். கல்யாண வீடு என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் சாமந்திக்கு மூன்றாம் ஷிஃப்ட். படம் எடுத்துக்கொண்டேன். இதுவரை நான் எடுத்ததில் நன்றாக வந்தது அதுதான். அதில் ஒரு பூகூட இல்லை.

ஷிஃப்ட் போட்டுப் பூக்கவைப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. குஸ்தாவ் க்ரும்பிகல் என்ற ஜெர்மானியர் 1908-இல் பெங்களூரு லால்பாக்குக்கு வந்து சேர்ந்தார். சாலை மரங்களை அவர் வகுத்த முறையே அதுதான்: ஒரு வகை பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்கும், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தெரு நிறத்தோடு இருக்கும். உற்பத்தித் திட்டம் போடத் தெரிந்த மனுஷர். அவர் புண்ணியத்தில் குடியரசு தின மலர்க் கண்காட்சிக்கு அத்திப்பள்ளி தாண்டிப் பஸ்ஸில் போய், 1889-இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கண்ணாடி மாளிகைக்குள் கூட்டத்தோடு தள்ளப்பட்டு, மறுபக்கம் வெளியே வந்தேன். வீட்டில் படங்களைத் திறந்து பார்த்தால் பல வகை முழங்கைகள். பின்னணியில் பூ இருந்ததாக நம்புகிறேன்.

மறுபடியும் நம் ஊர். மாமரம் தையில் பூக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தச் சமயத்தில் தோப்புக்குள் நுழைந்தால் தேன் வாசனை மூச்சை அடைக்கும். மரத்துக்கே மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதுபோல இருக்கும். கேமராவைத் தூக்கினேன். தோப்புக்காரர் ஓடி வந்தார். "வேணாம் சாமி, கண்ணு பட்டுடும்." அது கண்ணில்லை, லென்ஸ் என்று விளக்கினேன். "அது இன்னும் பெரிய கண்ணு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கெஞ்சி நாலு படம் எடுத்தேன். இரண்டாவது வாரம் தோப்பில் தத்துப்பூச்சி இறங்கிப் பூவெல்லாம் கருகியது. மாம்பூவில் சாறு உறிஞ்சுகிற பூச்சி, எல்லா வருஷமும் வருவதுதான். ஆனால் அந்த வருஷம் அது என் பின்னாலேயே வந்தது என்று முடிவாயிற்று. திருஷ்டிப் பூசணிக்காய்க்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மண்ணில் மண்டியிட்டுப் படம் எடுப்பதில் இன்னொரு சிக்கல், மூன்று கால் ஸ்டாண்டு. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூன்று காலோடு எதை நட்டாலும் அது சர்வே. வரப்பில் ஒரு தும்பைப் பூவைக் குறிபார்த்து நான் குப்புறக் கிடந்தபோது ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். "எங்க நிலம் வருதா சார்?" என்று ஒருவர் கேட்டார். தும்பைப் பூ எடுக்கிறேன் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. கிளம்பும்போது ஒரு பெரியவர் தனியாக வந்து, தன் நிலம் வந்தால் நல்லது என்றும், தம்பி நிலம் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்.

இலைக்கு வருகிறேன். பங்குனியில் அரசமரம் செம்புத் தகடு மாதிரி தளிர்விடும். புங்கமரம் மொட்டையாக நின்று ஒரே வாரத்தில் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளக்கும். பூவைவிட எனக்கு அது பிடிக்கும். ஆனால் பாராட்டு கிடைத்தது வேறு இலைக்கு. ரோஜா இலை ஒன்று ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று திட்டுத் திட்டாக, பழைய உலக வரைபடம் மாதிரி இருந்தது. கிட்டப் போய், நரம்பு நரம்பாகத் தெரியும்படி எடுத்துப் பெரிதாக அச்சிட்டுத் தோட்டக்காரரிடம் கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டுவார் என்று நினைப்பு. அவர் அதைச் சுருட்டிக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போய்விட்டார். "டவுனி சார். படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் மருந்து எடுத்துக் கொடுத்துட்டார். இந்த மாதிரி தெளிவா யாரும் எடுத்ததில்ல." அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். எல்லாம் நோய்ப்பட்ட இலைகள். கலைஞனாகக் கிளம்பியவன் ஸ்கேன் சென்டராகிவிட்டேன்.

தொழில்நுட்பத் துயரங்களும் உண்டு. கேமராவுக்குச் சிவப்பு ஆகாது. கண்ணுக்கு நூறு மடிப்புத் தெரியும் ரோஜா, படத்தில் குங்குமத்தை அப்பியதுபோல ஒரே திட்டாக விழும். சிவப்பின் அளவு மட்டும் மேல் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். கன்ட்ரோல் சார்ட்டில் ஆயுளைக் கழித்தவனுக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது வெட்கக்கேடு. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டத்தில் எடுத்தால் இன்னொரு கஷ்டம்: அரை மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் புகை. ஆடி மாதம் அந்த அரை மில்லிமீட்டரும் இல்லை. அம்மியே பறக்கும் காற்றில் அவரைப்பூ என்ன செய்யும்? பனித்துளிக்காக, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் கிளிசரின் கலந்து வைத்தேன். என் மனைவி அதை எடுத்துப் பட்டுப்புடவைக்குத் தெளித்துவிட்டாள். "ஏங்க, புடவையில நல்லா பனி பிடிச்சிருக்கு, வந்து படம் எடுங்க" என்று கூப்பிட்ட குரலில் பனி இல்லை.

அவளைச் சமாதானம் செய்ய ஒரு கதை சொன்னேன். 1842-இல் ஜான் ஹெர்ஷல் ஒரு நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண், மருந்து தடவிய தாளில் கடற்பாசிகளை அப்படியே வைத்து வெயிலில் காயவைத்து, படப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார். நீலப் பின்னணியில் வெள்ளையாகத் தாவரம். கேமராவே இல்லை. அதே முறையில்தான் பிற்காலத்தில் இயந்திர வரைபடங்களுக்கு நகல் எடுத்தார்கள். தொழிற்சாலையில் நாங்கள் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிய 'ப்ளூபிரிண்ட்' அந்த வம்சம்தான். ஆக, பூவும் இலையும் எனக்குப் புதுத் தொழில் இல்லை, பழைய உறவு என்றேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "கேமராவே இல்லாம எடுத்தாங்களா? அப்ப இதுக்கு எதுக்கு அம்பதாயிரம்?" என்றாள்.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் அடைத்துவிட்டார்கள். கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, விமானம் இல்லை. வெட்டி அனுப்ப வழியில்லாமல் ரோஜாக்கள் செடியிலேயே நின்றன. தோட்டக்காரர் தம் கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். பாலிஹவுஸ் முழுக்க, கண்ணுக்கு எட்டியவரை, அத்தனையும் விரிந்த பூக்கள். செடி கெடக்கூடாதென்று அப்புறம் கூலி கொடுத்து வெட்டிக் குழியில் கொட்டினார்கள். நான் அத்தனை நாள் கேட்ட படம் அது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

இப்போதெல்லாம் எனக்குப் பண்டிகை பிப்ரவரி 15. முந்தின நாளோடு விலை விழுந்துவிடும். தங்கிப்போனதெல்லாம் கொட்டகை ஓரத்தில் வாளியில் நின்று சாவகாசமாக விரியும். போன வருஷம் விடிந்ததும் போய்விட்டேன். ஒரு தாஜ்மகால், வெளி இதழ்கள் பின்னால் மடங்கி, நடுவில் மஞ்சள் தெரிய, ஓரத்தில் லேசாகக் கறுத்து, எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ணாத பூ. கல்மேல் சாய்த்து வைத்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். மூச்சைப் பிடித்தேன்.

"சார், எடுத்தாச்சா? ஆடு காத்திருக்கு" என்றார் தோட்டக்காரர் பின்னாலிருந்து. ரிஜக்ட் எல்லாம் ஆட்டுக்குத்தான்.

"ஒரே நிமிஷம்ணா."

நான் சொன்னது ஆட்டுக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்டின் தாடி மயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெளிவு. வாயோரம் ஒற்றைச் சிவப்பு இதழ், அது மட்டும் புகை. ரீவொர்க் செய்யவும் வழியில்லை. பீஸ் ஆட்டின் வயிற்றில்.