அபிராமம் வட்டாரத்தில் பழைய ராக் ஒலியும் முன்பெருக்கித் தேர்வும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கிட்டார் ப்ரீஆம்ப் குறித்து உலகில் இதுவரை எழுதப்பட்ட அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவற்றில் எதுவும் அபிராமத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்திபனூரிலிருந்து கமுதி போகும் சாலையில் உள்ள இப்பேரூரில், திருவிழா இன்னிசைக் கச்சேரி மேடையேறும் கிட்டார்க்காரருக்குப் பழைய ராக் ஒலி வேண்டுமென்றால் எந்தப் பெட்டியை வாங்குவது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். முதலில் இலக்கணம்.

கம்பியின் நலிகுரல் கைக்கொண் டெடுத்து
வெம்பிடச் செய்து வெளிவிடும் பெட்டி
முன்பெருக் கென்ப மைக்செட் டாரே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், ப்ரீஆம்பின் தன்மை உணர்த்துதல் நுதலிற்று. 'நலிகுரல்' என்றது பிக்கப் தரும் மின்னலையை, ஸ்பீக்கரை அசைக்கும் வலு இல்லாமையான். 'வெம்பிட' என்றது உற்றுநோக்கத்தக்கது. 'பெருகிட' என்றாலே பொருள் முடியும். முடிந்தும் அவ்வாறு கூறாது விட்டமையின், உள்ளதை உள்ளபடி பெருக்குவது ராக் ஒலிக்கு ஆகாது என்பது பெற்றாம்.

இதற்குச் சான்று அமெரிக்காவிலும் கிடைக்கிறது. 1951இல் 'ராக்கெட் 88' பாட்டு பதிவுக்கு வந்தபோது ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் அடிபட்டிருந்தது. அதில் தாளைத் திணித்து ஒப்பேற்றினார்கள் என்கிறார்கள். 1958இல் லிங்க் ரே 'ரம்பிள்' பதிவுக்காக ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். இங்கிலாந்தில் 1964இல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கிழித்தார். ஆக, ராக் இசையின் தொடக்க வரலாறு ஸ்பீக்கரைக் கெடுத்தவர்களின் வரலாறு. நம் வட்டாரத்தில் இதற்குப் பிளேடு தேவைப்பட்டதில்லை. வெயிலும், சீமைக்கருவேலங்கரி மூட்டத்தின் தூசியும், வேனிலிருந்து ஒலிபெருக்கிக் குழாயை இறக்கும் விதமும் போதும்.

இனி வால்வு. அறிஞர் பெருமக்கள் வால்வு என்றாலே கண்மூடிக் கைகூப்புவார்கள். அதில் நியாயமும் உண்டு. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தம் முதல் ஆம்ப்ளிபையரைச் செய்தபோது, ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்தே செய்தார். அதன் முதல் கட்டத்தில் 12ஏஒய்7 இருந்த இடத்தில் இவர் இசிசி83 போட்டார். இதற்கே அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7 என்று பெயர். இது பழையதைவிடக் கூடுதலாகப் பெருக்கும். அடுத்த கட்டம் அதைத் தாங்க முடியாமல் அலையின் தலையை மழுக்கும். வால்வு இதைப் படிப்படியாகச் செய்வதால் ஒலி தடிக்கிறது. டிரான்சிஸ்டர் ஒரேயடியாக வெட்டுவதால் கரகரக்கிறது. இவ்விரண்டில் மட்டும் நம் ஆய்வை நிறுத்திக்கொள்வோம். கைபேசிச் செயலியில் மார்ஷல் ஒலி வருகிறது என்போர் ஆய்வு வரம்புக்குள் வரவில்லை. வந்தாலும் சேர்க்க மாட்டோம்.

ஆனால் இங்கே ஒரு பெரும் இடர்ப்பாடு. லண்டன்காரருக்கு நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இருந்தது. அபிராமத்துக் கிட்டார்க்காரருக்கு வாய்த்தது கூம்புக் குழாய். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கூம்புக் குழாயோ ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைப் பெரும்பாலும் வெளியே விடாது. கீழ்ச்சுருதியின் மேல்கூறுகளை மட்டும் கேட்டு, அடிச்சுருதியை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மேற்பக்கமும் குழாய் தாராளம் காட்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், கிட்டார் ஸ்பீக்கரும் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். மேற்பக்கத்தைப் பொறுத்தவரை மார்ஷலும் மைக்செட்டும் ஒரு கட்சி. கள ஆய்வில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

"அண்ணே, மிட் கொஞ்சம் ஏத்துங்கண்ணே."

"மிட்டெல்லாம் குழாயிலயே இருக்கு தம்பி. நீங்க வாசிங்க."

ஒலியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை மைக்செட்காரர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

இதிலிருந்து இவ்வாய்வின் மையக் கருத்துக்கு வருகிறோம். பழைய ராக் ஒலி என்று நாம் எதை நினைக்கிறோம்? இங்கே வளர்ந்த ஒருவர் மின்கிட்டாரை முதலில் கேட்டது மார்ஷல் பெட்டியில் அன்று. காதுகுத்து வீட்டுத் தென்னையில் கட்டிய குழாயில், ஊசி தேய்ந்த இசைத்தட்டிலோ நாடா இழுபட்ட கேசட்டிலோ, இளையராஜா பாட்டுக்கு நடுவே கேட்டார். 1982இல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டு இன்றும் ஜனவரி முதல் தேதி பிறக்கும்போது குழாய் வழியாகவே ஊருக்குள் இறங்குகிறது. நம் செவிக்குப் பழைய ஒலி என்பது குழாய் ஒலி. அதைக் கொண்டுவர லண்டன் வால்வைத் தேடுவது வீண்செலவு என்பது என் துணிபு.

செய்முறை எளிது. மைக் தருவது சில மில்லிவோல்ட். கிட்டார் பிக்கப் தருவது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே கிட்டாரை மைக் இன்புட்டில் சொருகினால் முதல் கட்டமே திணறி, கேட்காமலேயே கரகரப்பைத் தந்துவிடும். கிட்டாருக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்தடை வேண்டும். மைக் இன்புட்டில் அது மிகக் குறைவு. எனவே உச்ச ஒலிகள் மங்கும். ஆலோசகர்கள் இதைக் குற்றம் என்பார்கள். நாம் இதையே பழமை என்கிறோம்.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். எட்டி வான் ஹேலன், 1978இல் முதல் இசைத்தட்டு வெளியிட்டவர், தம் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை வேரியாக் வைத்துக் குறைத்து அந்தப் புகழ்பெற்ற ஒலியை எடுத்தார். திருவிழாவில் சீரியல் லைட் முழுவதையும் போட்டால் வேரியாக் இல்லாமலே இந்த வசதி கிடைக்கும். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறதே என்று வாசகர் கேட்கலாம். கச்சேரி தொடங்குவது சூரியன் போன பிறகு.

முடிபு: தனி ப்ரீஆம்ப் வேண்டாம். கட்டாயம் வாங்கியே தீருவேன் என்பவர் 12ஏஎக்ஸ்7 ஒன்று உள்ள சிறியதை வாங்கி, சுத்தமான ஒலிக்கு ஆக்ஸிலும் பழைய ஒலிக்கு மைக் இன்புட்டிலும் சொருகட்டும். பாஸ் குமிழைப் பூஜ்யத்திலேயே வையுங்கள். குழாயில் பாஸ் கேட்காது, ஆனால் குழாயை ஒலிக்கவைக்கும் யூனிட்டின் டயாப்ரத்தைக் கிழிக்கும். கூம்புக் குழாயைக் கழற்றச் சொல்லிப் போலீஸ் வந்தால் ஆய்வு நோக்கம் என்று வாதாட வேண்டாம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஆய்வாளருக்கும் பொருந்தும். யூனிட் போனால் யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் மேடை ஏறுவதற்கு முன்பே மைக்செட்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.