அட்டைக் காசோலையும் ஐந்து கிலோ வெங்காயமும்

பெறுநர்: தொழில் முனைவோரைக் கைதூக்கி விடும் அலுவலகம். (பெயரை எழுதவில்லை, எழுதினால் அதற்கும் ஒரு தடையின்மைச் சான்று கேட்பீர்கள். ஊரையும் எழுதவில்லை. பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல், நாமக்கல் என்று சின்ன வெங்காயம் பல மாவட்டங்களில் விளைகிறது. தாங்களும் அப்படித்தான்.)

பொருள்: சின்ன வெங்காயம் உரிக்கும் இயந்திரம் – கடனுதவி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற செவ்வாய்க்கிழமை, மேடை. 2. அதே வாரம் வெள்ளிக்கிழமை, தபால்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும், வெள்ளைச் சட்டை போட வேண்டும், இயந்திரத்தோடு ஐந்து கிலோ வெங்காயமும் கொண்டுவர வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தில் பிழைப்பவனுக்குக் கண் கலங்குவது புதிதல்ல. ஆனால் அரசாங்கமே கூப்பிட்டுக் கலங்கியது அன்றுதான் முதல் தடவை.

டாடா ஏஸ் வாடகைக்குப் பிடித்து, ஆறரைக்கே வந்து சேர்ந்தேன். கம்ப்ரசருக்கு ஒரு பிளக் பாயிண்ட் கேட்டேன். மைக் செட்டுக்கே கரண்ட் பத்தவில்லை என்றார்கள். என் இயந்திரமோ காற்றில் ஓடுவது. வேகமான காற்று பீய்ச்சினால்தான் தோல் கழன்று பறக்கும். வேறு வழியில்லாமல் அதைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கையாலேயே உரித்துக் காட்டினேன். பார்வையிட வந்த பெரியவர்கள் இரண்டு நிமிடம் நின்றார்கள். "நல்லாத்தான் உரிக்குது" என்று இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார்கள். உரித்த வெங்காயம் நேராக மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போயிற்று. சாம்பார் நன்றாக இருந்ததாகக் கேள்வி. பயனாளிகளுக்குப் பொட்டலம்.

மணி பன்னிரண்டரை ஆனபோது என் பெயரை அழைத்தார்கள். நாலடி நீள அட்டைக் காசோலை. ரூபாய் எட்டு லட்சம், எண்ணாலும் எழுத்தாலும். ஒரு முனையை நானும் மறுமுனையை ஏழு பேரும் பிடித்துக்கொண்டோம். "சிரிங்கண்ணே" என்றார் போட்டோகிராபர். சிரித்தேன். மேடையை விட்டு இறங்கி இரண்டாவது படியில் கால் வைக்கும்போது ஒரு தம்பி ஓடிவந்து, "குடுங்கண்ணே, அடுத்த ஆளுக்கு வேணும்" என்று காசோலையைப் பிடுங்க வந்தார்.

அந்த நேரத்தில்தான் கவனித்தேன். என் பெயர் ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. மூலை கொஞ்சம் தூக்கியிருந்தது. தொழில் புத்தி, ஐயா, சும்மா இருக்க முடியவில்லை, நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொருவர் பெயர். அதையும் உரித்தேன். அதற்கடியில் ஒரு அம்மாவின் பெயர், வேறு தொகை. அதற்குக் கீழே வெறும் அட்டை. ஈரோட்டுப் பெரியவர் ஏன் எடுத்ததற்கெல்லாம் "வெங்காயம்" என்று சொன்னார் என்பது எனக்கு அந்தப் படிக்கட்டில் விளங்கிற்று.

வெள்ளிக்கிழமை தபாலில் விண்ணப்பம் திரும்பி வந்தது. குறைபாடுகள் இரண்டு. ஒன்று: "மேற்படி இயந்திரத்துக்கு மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை." இரண்டு: "இதே தொழிலில் ஈடுபட்டு வெற்றிகரமாக இயங்கும் அலகு குறித்த விவரம் இல்லை."

தங்கள் ஆழ்ந்த சிந்தனைக்கு முன் தலைவணங்குகிறேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடி, ஆனால் அதை ஏற்கெனவே மூன்று பேர் விற்றுக்கொண்டிருக்க வேண்டும். இதைவிடச் செறிவாகப் புத்தாக்கத்துக்கு யாரும் இலக்கணம் சொன்னதில்லை. சின்ன வெங்காயத்தின் தலையையும் வாலையும் காய்க்குச் சேதமில்லாமல் வெட்ட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பெல்லாரி வெங்காயம் ஏறத்தாழ ஒரே உருண்டை. நம்மூர் வெங்காயம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு, பாதி இரட்டைப் பல். பிளேடை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் முழித்தபோதே மூன்று விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான்.

தங்கள் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். புதிய தொழில்முனைவோருக்காக 2012-13லிருந்து இருக்கும் நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு மானியம், வட்டியில் 3 விழுக்காடு தள்ளுபடி. வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் எட்டாம் வகுப்புப் படித்தவரும் 15 லட்சம் வரையிலான தொழில் தொடங்கலாம். எழுதியவர் கையில் முத்தம் கொடுக்கலாம் போலிருக்கிறது. அனுமதிகளுக்குக் காலக்கெடு வைத்து 2018ல் ஒரு சட்டமே வந்தது. ஒற்றைச் சாளரமும் உண்டு. அந்தச் சாளரத்தைத் திறந்தேன்; உள்ளே ஒரு சாளரம், ஓடிபி கேட்டது. கொடுத்தேன். அதற்குள் இன்னொன்று, பிடிஎஃப் இரண்டு எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்றது. சுருக்கிக் கொடுத்தேன். கடைசியில், "நேரில் வரவும்." உரிக்க உரிக்கச் சாளரம்.

முதலீட்டாளர் மாநாடுகளையும் விடாமல் பார்த்து மகிழ்கிறேன். 2015ல் 2.42 லட்சம் கோடி, 2019ல் 3 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி. ஆட்சி மாறினாலும் தொகை இறங்கியதே இல்லை. கடைசித் தொகையை எட்டெட்டு லட்சமாகப் பிரித்தால் 83 லட்சம் பேருக்கு வரும் என்று ஒருநாள் ராத்திரி கரண்ட் போனபோது கணக்குப் போட்டேன். அது வேறு, இது வேறு என்று எனக்கும் தெரியும். அது வரப்போகும் முதலீட்டுக்கான ஒப்பந்தம், இது நான் வட்டியோடு திருப்பிக் கட்டப்போகும் கடன். ஆனால் அந்த 2024 மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள் போட்டவர்களில் ஒருவரிடமாவது, "இதே மாதிரி வெற்றிகரமாக இயங்கும் அலகு எங்கே?" என்று கேட்டிருப்பீர்களா என்று ஒரு சின்ன சந்தேகம். சின்ன வெங்காய அளவு சந்தேகம்.

நடுவில் ஒரு ஸ்டார்ட்அப் தேர்வுக்கும் போனேன். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "ஆப் இருக்கா?" என்று கேட்டார்கள். பிளேடு இருக்கிறது, டிரம் இருக்கிறது, காற்று இருக்கிறது என்றேன். அது பட்டறையாம், ஸ்டார்ட்அப் இல்லையாம். செயலியில் வெங்காயம் உரிக்க முடியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வங்கிக்கும் தாங்கள்தான் அனுப்பினீர்கள். மேலாளர் வீட்டுப் பட்டா கேட்டார். சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டதே என்றேன். "சொல்லுவாங்க, லோன் நின்னா பதில் சொல்றது நான்தான்" என்றார். அந்த வீடு என் அம்மா உரித்துக் கட்டிய வீடு. இருபத்தைந்து வருடமாக ஓட்டல்களுக்குக் கூலிக்கு வெங்காயம் உரிக்கிறார். பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப் பிளந்து கிடக்கும். ராத்திரி சோற்றில் கைவைத்தால் எரியும், கரண்டியால் சாப்பிடுவார். அந்தக் கைக்காகத்தான் இந்த இயந்திரம். உங்கள் அட்டைக்காக இல்லை. கொடுக்கிற உத்தேசம் இல்லையென்றால் எதற்கய்யா மேடையில் ஏற்றினீர்கள்? அம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்து, கைதட்டச் சொல்லி, சாயங்காலம் தெருவெல்லாம் "மவனுக்கு எட்டு லட்சம் குடுத்துட்டாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டு போனாரே, அந்தத் தெருவில் நான் இப்போது எந்த முகத்தோடு நடப்பது?

மன்னிக்கவும். வெங்காய நெடி.

தங்கள் பெருந்தன்மைக்கு மீண்டும் வருகிறேன். அந்த போட்டோ மறுநாள் தினசரியில் வந்திருந்தது. பயனாளிகள் பட்டியலில் நானும் ஒருவன், ஆறு பேருக்கு வேலை கொடுத்ததாகவும் போட்டிருந்தது. அந்த ஆறு பேர் யார் என்று தெரிவித்தால் நலம்; ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம் கழுவ எனக்கு ஆள் தேவைப்படுகிறது.

குறைபாடுகளை நிவர்த்தி செய்து, கேட்டபடி விலைப்புள்ளிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலாவது என்னுடையது. இரண்டாவது என் அம்மாவுடையது: இயந்திரம் இல்லை, கைதான், கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று சொல்லி, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்திருக்கிறார். பெருவிரல் ரேகை தெளிவாக இல்லை என்று தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டாம். உரித்து உரித்து ரேகை போய்விட்டது. ரேஷன் கடை மிஷினும் இதைத்தான் சொல்கிறது.

மூன்றாவது விலைப்புள்ளிக்கு எங்கெங்கோ அலைந்தேன். பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடமாக என்னைத் தோல் தோலாக உரித்து வருபவர்கள் தாங்கள்தான். முன் அனுபவமும் உண்டு, அலகும் வெற்றிகரமாக இயங்குகிறது. ஆகவே தங்கள் கட்டணம் எவ்வளவு என்பதை, ஜிஎஸ்டி சேர்த்து, அலுவலக முத்திரையுடன் ஏழு நாளுக்குள் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஸ்டிக்கரில் மூன்றாவது தோல்

இணைப்பு: 1. விலைப்புள்ளிகள் – 2. 2. ஐந்து கிலோ வெங்காயத்துக்கான பில் – 1 (சாம்பார் கணக்கில் எழுதிக்கொள்ளவும்).