ரவைக் கஞ்சியும் பெருங்காய டப்பாவும்

எழுபதுகளில் எங்கள் தெருவில் வயிறு சரியில்லாத பிள்ளைக்கு ரவைக் கஞ்சியும் பாலில் தோய்த்த ரொட்டியும்தான் ஆகாரம். என் தம்பிக்கும் அதுவே. கைகால் குச்சி, வயிறு உப்பல், ஓயாத பேதி. பாட்டி மாந்தம் என்று உரை மருந்து புகட்டினாள். அக்கம்பக்கத்தில் சவலை என்றார்கள். டாக்டரோ, “சோறு வேண்டாம்மா, ரவைக் கஞ்சி குடுங்க” என்றார். அம்மா வேளை தவறாமல் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் இன்னும் மெலிந்தான்.

கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனால் மட்டும் தேறிவிடுவான். அங்கே சோறும் கேழ்வரகுக் கூழும்தான்; ரவை கண்ணில் படாது. “ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு” என்று சந்தோஷப்பட்டோம். ஊர் திரும்பியதும் பழைய கஞ்சி, பழைய பேதி.

இப்போது என் மகள் வயிற்றுப் பேரனுக்கு அதே உப்பிய வயிறு. ரத்தப் பரிசோதனை, சிறுகுடலில் துளி சதை எடுத்துச் சோதனை. சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் குடலின் உட்சுவர் சிதைகிறது. ஆயுள் முழுக்க அதை விலக்குவதே வைத்தியம். ரவையும் ரொட்டியும் கோதுமைதான்; தம்பிக்கு இருந்ததும் இதுதானா, இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோதுமைதான் காரணம் என்று நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-லேயே ஆய்வேடு எழுதியிருந்தார். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

சோறும் இட்லியும் உள்ள வீட்டில் கோதுமையை ஒதுக்குவது சுலபம் என்று நினைத்தோம். சப்பாத்தி, சேமியா, பிஸ்கட் எல்லாம் போயின. பிள்ளை முழுசாகத் தேறவில்லை. கடைசியில் சாம்பாரில் பிடிபட்டது. கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவும் சேர்ப்பார்கள். சிலர் அரிசி மாவு, சிலர் மைதா. எங்கள் டப்பாவில் மைதா. மகள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் கண்டுபிடித்தாள். அம்மா காலத்தில் பெருங்காயம் காகிதப் பொட்டலத்தில் வந்தது. அதில் படிக்க என்ன இருந்தது?

அந்தக் காலத்துச் சாப்பாடே மருந்து என்று பேசுகிறவர்களுடன் என்னால் சேர முடியவில்லை. நல்ல மனசோடு கொடுத்த கஞ்சியே பிள்ளையை உருக்கியிருக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள், குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா உள்ளிட்ட, ஒவ்வாமை தரக்கூடிய எட்டு வகைகளை உறையில் தெரிவிக்கச் சொல்கின்றன. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போடக் கூடாது. இதைப் பெரிய கொடையாகவே கருதுகிறேன்.

ஆனால் விதிப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழ் போடுவது நிறுவனத்தின் விருப்பம். பகலில் பேரனுக்குச் சமைத்துப் போடுகிற சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். மகள் வேலைக்குக் கிளம்புமுன் டப்பாக்களில் காகிதம் ஒட்டி எழுதிவிட்டுப் போகிறாள்.

தமிழ்நாட்டில் விற்கும் உறைகளில் அந்த ஒவ்வாமை வரி ஒன்றையாவது தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள். அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும்.