முதுகோடு வரும் மைத்துனருக்கு

செமோர், பேராக், மலேசியா.

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தைப்பூசத்தை உத்தேசித்து இங்கே வந்து, ஈப்போ கல்லுமலைக் கோவிலில் காவடிகளைத் தரிசித்துவிட்டு, ஊர் திரும்புவதற்குள் ஆஸ்டியோபதி வைத்தியர் ஒருவரிடம் தங்கள் முதுகையும் ஒப்படைத்துச் செப்பனிட்டுக்கொள்ளப் போவதாகத் தாங்கள் எழுதியிருந்ததைத் தங்கள் தங்கை உரக்கப் படித்தாள். படித்து முடிக்குமுன்பே, வீட்டு மெத்தைகளில் அண்ணனுக்கு உகந்த கெட்டி மெத்தை எது என்ற விசாரணையும் ஆரம்பமாகிவிட்டது. மெத்தை விவகாரம் அவள் பொறுப்பு. வைத்தியர் விஷயத்தில் மட்டும், விமானம் ஏறுமுன் தாங்கள் அறிந்திருக்கவேண்டியதை நான் எழுதுகிறேன்.

முதுகுவலியை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய அவசியம் செமோருக்கு என்றுமே இருந்ததில்லை. ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் செல்லும் பழைய சாலையில் இருக்கும் இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் சீவி, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த தலைமுறை குனிந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தி உச்சிக் குலையை அறுத்த தலைமுறை அண்ணாந்தே கழுத்தைக் கெடுத்துக்கொண்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ குளிர்சாதன அறைகளில் உட்கார்ந்தே இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே, ஒட்டுக்கடையில் தேநீருக்குச் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்தால் போதும், தேநீர் வருவதற்குள் மூன்று இனத்தாரின் வைத்தியமும் மேசைக்கு வந்துவிடும்: மலாய்க்காரர் கம்பம் என்னும் தம் கிராமத்தில் எண்ணெய் தடவி உருட் பிடிக்கும் மூதாட்டியைச் சிபாரிசு செய்வார், சீனர் தமக்குப் பழக்கமான சீன வைத்தியர் சின்சேயின் பற்றைப் புகழ்வார், நம்மவரோ, இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புத்தூர்க் கட்டுக்கு ஈடுண்டா என்பார். அரசாங்கக் கிளினிக்கில் பிரஜைகளுக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட்தான், கட்டணம். விருந்தாளியின் முதுகுக்கு அந்தச் சலுகை இல்லை.

தாங்கள் நாடும் ஆஸ்டியோபதி இந்த மூன்றிலும் சேராதது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர், 1864-இல் தம் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, அக்காலத்து மருந்துகளில் நம்பிக்கை இழந்து, எலும்பு, தசை, ரத்தவோட்டம் ஆகியவற்றின் ஒழுங்கைக் கையாலேயே சீர்செய்து உடம்பைக் குணப்படுத்தலாம் என்ற சித்தாந்தத்தை 1874-இல் வெளியிட்டார். 1892-இல் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் அதற்கொரு பள்ளியும் கண்டார். அவர் வழிவந்தவர்கள் அமெரிக்காவில் இன்று மருந்தெழுதவும் சத்திரசிகிச்சை செய்யவும் அதிகாரம் பெற்ற முழு டாக்டர்கள்; இங்கேயோ அப்படியல்ல. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ், நம் சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மருத்துவத்தின் வரிசையிலேயே ஆஸ்டியோபதியும் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. ஆதலால், "எங்கே படித்தீர்கள், பதிவு உண்டா?" என்று முதலிலேயே விசாரிப்பது அவமரியாதையாகாது. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைத் தாங்கள் குடைந்த குடைச்சலில் காற்பங்கு போதும்.

நான் அறிந்த வைத்தியர் இருப்பது கோலாலம்பூரில். முதுகைக் காட்டுவதற்காக அந்த முதுகையே ஈப்போவிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம் ரயிலில் உட்காரவைத்து அழைத்துப்போகும் பாக்கியம் நமக்கு உண்டு. போனவுடன் படுக்கவைத்து எலும்பை முறுக்குவார் என்று எதிர்பாராதீர்கள். பழைய விபத்து, சத்திரசிகிச்சை, தூக்கம், தொழில், சாப்பிடும் மாத்திரை என்று முதல் சந்திப்பில் பெரும்பகுதி கேள்வியாகவே கழியும்; நம்மவர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். அவரிடம் போன எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர், நாடியைத் தொட்டே சகலமும் சொல்வதுதான் வைத்தியனுக்கு லட்சணம் என்ற கொள்கையினர்; எதைக் கேட்டாலும், "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று புன்னகை புரிந்துகொண்டிருந்தார். கடைசியில், ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை விழுங்குவதை அவர் மனைவி பிரஸ்தாபிக்க, வைத்தியர் பெரியவரின் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். கழுத்தைச் சடக்கென்று திருப்பும் முறையால், அபூர்வமாகவேனும், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. எலும்பு தேய்ந்தவர்களுக்கு முறிவு நேரலாம். அந்த முறை வேண்டாமென்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு. மெதுவான வேறு முறைகள் அவர் கைவசம் இருக்கும்.

நிற்கவும் குனியவும் சொல்லிப் பரிசோதிப்பதற்கு மேலாடையைக் களையச் சொல்வார். கும்பகோணத்துத் திண்ணையில் வெற்றுடம்போடு உலகத்தை வரவேற்கும் தங்களுக்கு அதில் சங்கோசம் இராது. எனினும் பனியன் கிழியாததாக இருக்கட்டும். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். மூட்டில் 'படக்' என்ற ஓசை எழுந்தால், விலகிய எலும்பு ஸ்தானத்துக்குத் திரும்பிவிட்டதென்று பரவசப்படவேண்டாம். மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவின் வேலை அது. ஓசை கேட்காவிட்டால் பணம் வீண் என்று வாதாடவும் வேண்டாம். மறுநாள் உடம்பு சற்று நோவது சகஜம்.

இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு அனுகூலம் தருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்துமா முதல் குழந்தையின் அழுகை வரை சகலமும் தீரும் என்று யாரேனும் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதே உத்தமம்.

இனி வேடிக்கையில்லாத ஒரு விஷயம். தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமற்போனாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ, தைப்பூசம், விமானம் எதையும் எண்ணாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத உடல் மெலிவோ கண்டால், அல்லது கீழே விழுந்தபின் வந்த வலியானால், முதலில் டாக்டர், ஆஸ்டியோபதி பிறகு.

எக்ஸ்ரே படங்களையும் மாத்திரைச் சீட்டுகளையும் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். தங்கள் தங்கை என்னதான் எழுதியிருந்தாலும், அந்த மாவடு ஜாடியைத் தயவுசெய்து தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்